காட்டில் ஒருவர் சாய்ந்துவிட்டால்: அங்கேயே இருப்பதா, கிளம்புவதா?

மலைப்பாதையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனதும் கூட வந்தவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் கிளம்பும். "இப்பவே நடந்தா இருட்டறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிடலாம்" என்பார் ஒருவர். "இந்த நிலைமையில எப்படி நடக்க வைக்கிறது, இங்கேயே இருப்போம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி அலைவார். பேசிப் பேசி அரை மணி நேரம் போய்விடும். சில நோய்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் மொத்த அவகாசமே.

கையில் இருக்கும் வழிகள் நான்குதான். அதே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக நடத்திக் கூட்டிப் போகலாம். தூக்கிக்கொண்டு போகலாம். உதவியை வரவழைக்கலாம். இவற்றில் எது என்று முடிவு செய்ய நம்மில் பலர் எடுக்கும் அளவுகோல் தூரம். ரோடு 3 கிலோமீட்டர் என்றால் நடப்போம், 15 கிலோமீட்டர் என்றால் காத்திருப்போம் என்று மனம் கணக்குப் போடுகிறது. பல வருடங்கள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறான அளவுகோல். ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரை ரோடு அரை கிலோமீட்டரில் இருந்தாலும் உடனே கிளப்பக் கூடாது. மூளை வீங்கத் தொடங்கியவரை முகாம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அங்கே வைத்திருக்கக் கூடாது.

தூரத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, இவரைக் கொல்லப் போவது எது என்பதை. இந்த இடமா? கடந்துபோகும் நேரமா? நாம் கொடுக்கப் போகும் அசைவா? இதற்கு விடை கிடைத்தால் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழிந்துவிடும்.

இடமே எதிரியாக இருப்பதற்கு நல்ல உதாரணம் உயர மலை நோய். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் போகும் யாருக்கும் இது வரலாம். உடல்வலிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நன்றாக ஓடக்கூடியவர், வேகமாக ஏறிவிடுகிற ஒரே காரணத்தால், முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தொடக்கத்தில் தலைவலி, குமட்டல், அசதி, சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கமின்மை. இந்தக் கட்டத்தில் அதே உயரத்தில் தங்குவது சரியான முடிவு. மேலே மட்டும் ஏறக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் உடம்பு பழகிவிடும். பழகாமல் மோசமானால் இறங்கிவிட வேண்டியதுதான்.

இதில் ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்குள் அடுப்பு எரித்திருந்தால், தலைவலிக்குக் காரணம் உயரம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நஞ்சும் இதே தலைவலியையும் குமட்டலையும்தான் கொடுக்கும். முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

தலைவலி எந்தப் புள்ளியில் ஆபத்தாக மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். குச்சியால் மண்ணில் நாலைந்து மீட்டருக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டவைத்து, கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நன்றாக இருக்கும் ஒருவரையும் நடக்கவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நோயாளி கோட்டை விட்டு விலகினால், கைகளை விரித்துச் சமாளித்தால், விழப் போனால், மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருவதும், அசாதாரண எரிச்சலும், எழுப்பினால் எழாத தூக்கமும் அதே சேதிதான்.

இந்தக் கட்டத்தில் "காலையில பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வரக் கூடாது. காலைக்குள் நினைவு தப்பிவிடலாம். நினைவு தப்பியவரை இறக்குவது, தள்ளாடுகிறவரை இறக்குவதைவிடப் பல மடங்கு கடினம். பாதை பத்திரமாக இருந்தால் இரவிலேயே, டார்ச் வெளிச்சத்திலேயே இறங்கலாம். வழக்கமாக 300 முதல் 1,000 மீட்டர் இறங்குவதற்குள்ளேயே தேறுதல் தெரியும். தனியாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும், ஆக்சிஜனும், உள்ளே ஆளைப் படுக்கவைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் பை ஒன்று உண்டே, அதுவும் நல்ல துணைகள். ஆனால் அவை இறங்குவதற்கான அவகாசத்தை வாங்கித் தருகின்றனவே தவிர, இறங்குவதற்கு ஈடாகிவிடாது. மருந்து கொடுத்ததும் தெளிந்துவிட்டாரே என்று பயணத்தைத் தொடர்வதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

நுரையீரலில் நீர் கோக்கும் வகைக்கும் இடம்தான் எதிரி, ஆனால் இறக்கும் விதம் வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். பெரும்பாலும் உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவது. உடலுழைப்பும் குளிரும் நுரையீரல் ரத்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். அதனால் இவரை நன்றாகப் போர்த்தி, முடிந்தவரை நடக்கவிடாமல், தூக்கியோ சவாரி விலங்கின் மேல் உட்கார வைத்தோ இறக்க வேண்டும். தூக்க வழியே இல்லை என்றால் அவர் சுமக்கும் பையை வாங்கிக்கொண்டு அடிக்கு அடி நிறுத்தி நடத்தலாம். நின்றுவிடுவதைவிட அது மேல்.

ஹீட் ஸ்ட்ரோக்கில் கணக்கு அப்படியே தலைகீழ். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே மூளையும் குழம்பினால் அதற்குப் பெயர் ஹீட் ஸ்ட்ரோக். கொல்வது நேரம். உள்ளே வெந்துகொண்டிருக்கிற மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் இருந்தன என்பதைப் பொறுத்தே பிழைப்பும் பாதிப்பும். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் "முதலில் குளிர்வி, பிறகு கொண்டு போ" என்பதையே விதியாக வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றாலும், குளிர்விக்க வசதியிருந்தால் குளிர்வித்த பிறகே ஏற்றுவார்கள். காட்டுக்கு இது இன்னும் பொருந்தும்.

எப்படிக் குளிர்விப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆழமில்லாத, இழுப்பு இல்லாத ஓடை இருந்தால் இருபுறமும் ஆள் பிடித்துக்கொண்டு, தலை நீருக்கு மேலே இருக்கும்படி உட்காரவைக்கலாம். நினைவில்லாதவரின் தலையை ஒருவர் அதற்கென்றே பிடித்திருக்க வேண்டும். ஓடை இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது என்றால் தார்ப்பாயில் அவரைப் படுக்கவைத்து, நான்கு பேர் நான்கு ஓரத்தையும் தூக்கிப் பிடித்துத் தொட்டி மாதிரி ஆக்கி, நீரை ஊற்றி இடமும் வலமும் அலம்ப வேண்டும். அதற்கும் போதாத தண்ணீர் என்றால் உடைகளை நனைத்து விடாமல் விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. அதை மட்டும் நம்பினால் வேகம் போதாது, மற்றவற்றோடு சேர்த்துச் செய்யலாம். காய்ச்சல் மாத்திரை இதில் வேலை செய்யாது. காய்ச்சலில் உடம்பே வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கிறது. இங்கே வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடம்பு தோற்றுவிட்டது. மாத்திரைக்கு அங்கே பிடிமானம் இல்லை.

வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்ற பழைய பாடத்தை மறந்துவிடுங்கள். வெயிலில் ஏறி நடந்து விழுந்தவருக்கு உடல் முழுக்க வியர்வை ஓடிக்கொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது பேச்சை. பெயர், கிழமை, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை ஒழுங்காகச் சொன்னால் அது பெரும்பாலும் வெயில் களைப்பு. நிழல், ஓய்வு, உப்பு சேர்ந்த திரவம், சில மணி நேரம். பிறகு அவரே நடந்து வருவார்.

நாள் முழுக்க வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தவர் குழம்பினால் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போன நிலை அது. தலைவலியும் வாந்தியும் வெயில் களைப்பு போலவே இருக்கும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருக்கலாம். அவருக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் மூளை வீக்கத்தை நாமே கூட்டுகிறோம். "தண்ணி குடி, தண்ணி குடி" என்ற நல்லெண்ணம் கேடாக முடியும் இடம் இது. தண்ணீரை நிறுத்திவிட்டு, விழுங்க முடிந்தால் உப்பு தூக்கலான எதையாவது கொடுத்து, வெளியே கொண்டு போக ஏற்பாடு செய்ய வேண்டும்.

குளிர்வித்து, உணர்வு தெளிந்து, நடுக்கம் தொடங்கினால் நிறுத்திவிடலாம். உள்வெப்பம் பார்க்க முடிந்தால் 39 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்த வேண்டும். அப்புறமும் ஆஸ்பத்திரி கட்டாயம். சிறுநீரகமும் கல்லீரலும் அடுத்த ஓரிரு நாளில் கெடலாம். எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவரைத் தூக்கிப் போவதா என்று தோன்றும். ஆமாம், தூக்கித்தான் போக வேண்டும்.

உடல் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் ஹைப்போதெர்மியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழுக்கள் அதிகம் தவறுவது இதில் என்று நினைக்கிறேன். இதற்கு உறைபனி தேவையில்லை. மழையில் நனைந்த துணியும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 10 டிகிரி வெப்பநிலையிலேயே வரும். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும்.

ஒரு மழை நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. முகட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூட வந்த நண்பர் தன் மழைக்கோட்டின் ஜிப்பைப் போட முயன்றுகொண்டிருந்தார். ஜிப்பின் கீழ்முனையைக் காடியில் நுழைக்க வேண்டும். அது நுழையவில்லை. மறுபடி, மறுபடி. விரல்கள் மரக்கட்டை மாதிரி நின்றன. "என்னாச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். அந்தப் 'போலாம்' வாய்க்குள்ளேயே குழைந்து வந்தது. நாங்கள் அவர் சொன்னதைக் கேட்டோம், விரலைப் பார்த்தும் பார்க்காமல் விட்டோம். நடந்தால் சூடு ஏறும் என்று இன்னும் வேகமாக நடந்தோம். அரை மணி கழித்து அவர் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடுக்கம் குறைந்திருந்தது. அதைத் தேறுதல் என்று எங்களில் ஒருவர் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது. நடுக்கம் நிற்பது உடம்பு கைவிடத் தொடங்கியதன் அடையாளம். பாறை மறைவில் தார்ப்பாய் கட்டி, ஈரத்தைக் களைந்து, இருந்த எல்லா உடைகளிலும் சுற்றி இரவைக் கழித்தோம். அவர் பிழைத்தார். அந்த வேலையை முகட்டிலேயே, ஜிப் நுழையாத அந்த நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டும்.

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 32 வரை லேசானது, 28 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமையானது. காட்டில் தெர்மாமீட்டர் உதவாது, ஆளைத்தான் பார்க்க வேண்டும். பலமாக நடுங்குகிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் ஈரத்தைக் களைந்து, இனிப்பான சூடான எதையாவது குடிக்கவைத்து, குறைந்தது அரை மணி நேரம் போர்த்தி உட்காரவைத்த பிறகு நடத்திக் கூட்டிப் போகலாம். அந்த அரை மணி முக்கியம். உடனே எழுந்து நடந்தால் கை கால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்பி, உள்வெப்பம் இன்னும் இறங்கும்.

நடுக்கம் ஓய்ந்து, பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாக இருந்தால் நடை என்ற வழியே கிடையாது. இங்கே அசைவு கொல்லும். குளிர்ந்த இதயம் ஒரு முரட்டுக் குலுக்கலில் தாளம் தப்பி நின்றுவிடலாம். படுத்த நிலையிலேயே வைத்து, துணியை இழுத்துக் கழற்றாமல் வெட்டி எடுத்து, பொட்டலம் கட்டுவது மாதிரி சுற்ற வேண்டும். கீழே மறக்காமல் தடிமனாக ஏதாவது விரியுங்கள். ஈர மண் உறிஞ்சும் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலிப் பைகள், கயிற்றுச் சுருள், காய்ந்த இலைகள், எதுவானாலும் சரி. அதன் மேல் ஸ்லீப்பிங் பேக், அதற்கும் வெளியே காற்றும் நீரும் புகாத தார்ப்பாய். சூடான நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வைக்கலாம். கை கால்களைத் தேய்க்காதீர்கள். மது கொடுக்காதீர்கள், ரத்தக் குழாயை விரித்து இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இப்படிக் கட்டிய பிறகு, அலுங்காமல் தூக்கப் போதிய ஆள் இருந்தால் தூக்கலாம். இல்லாவிட்டால் அங்கேயே இருந்து உதவியை வரவழைப்பதே மேல்.

செத்துவிட்டார் என்று கைவிடுவதிலும் அவசரம் கூடாது. மூச்சையும் நாடியையும் ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். அவ்வளவு மெதுவாக ஓடும். 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடைப் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்ட ஒரு பெண் மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது. இதயம் நின்றிருந்தது. நெஞ்சு அழுத்தத்தை விடாமல் கொடுத்தபடியே ஹெலிகாப்டரில் கொண்டு போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சூடேற்றினார்கள். அவர் உயிர் பிழைத்து மருத்துவப் பணிக்கும் திரும்பினார். அந்த மாதிரி முடிவு எல்லோருக்கும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் குளிர்ந்து விறைத்தவர் விஷயத்தில் தீர்ப்பு சொல்வது நம் வேலை கிடையாது என்பதற்கு இது போதும்.

கால்விரல் பனியில் உறைந்துபோனவருக்கான முடிவு வேறு விதமாக விசித்திரம். உறைந்த பாதத்தோடு நடக்க முடியும். இளகிய பாதத்தோடு நடக்க முடியாது, வலி தாங்காது. அதைவிட மோசம், இளகியது மறுபடி உறைந்தால் திசு மொத்தமாகப் போய்விடும். ஆகவே மறுபடி குளிருக்குள் நடந்தே தீர வேண்டும் என்றால் உறைந்தபடியே நடந்து வெளியேறுவதுதான் நல்லது. இனி உறையவே உறையாது என்ற இடத்துக்கு வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து இளக்கலாம். நெருப்பில் காட்டக் கூடாது, மரத்துப்போன தோலுக்கு வெந்தாலும் தெரியாது.

பாம்புக்கடியில் நேரமும் கொல்லும், அசைவும் கொல்லும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுப்பதால் முடிவெடுக்கக் கடினமானது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில் சாகிறார்கள். உறுப்பை இழப்பவர்களும் நிரந்தர ஊனம் அடைபவர்களும் அதைப்போல மூன்று மடங்கு. 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அந்த நிறுவனம் சேர்த்தது. விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வைத்தியம், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. காத்திருந்தால் நேரம் போகிறது. நடந்தால் தசைகள் இயங்கி, நிணநீர் வழியாக விஷத்தை உள்ளே தள்ளுகின்றன.

என் முடிவு இது. ஆள் இருந்தால் தூக்குங்கள், உடனே. கடித்த கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல மட்டை வைத்துக் கட்டி அசையாமல் ஆக்குங்கள். மோதிரம், வளையல், கடிகாரம், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கிளம்பும்போதே ஒருவரை முன்னால் ஓடவிட்டு, பாதை முடியும் இடத்தில் வண்டி நிற்கும்படி செய்யுங்கள். தனியாக இருப்பவர், யாரையும் கூப்பிட முடியாதவர் என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பதைவிட நிதானமாக நடப்பது மேல். ஓடக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். பாம்பைத் தேடிப் போவது இரண்டாவது கடிக்கு வழி.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் 1979-இல் வெளியிட்ட அழுத்தக் கட்டு முறை ஒன்று உண்டு. எலாஸ்டிக் பேண்டேஜை அங்கம் முழுவதும் சுற்றி அசையாமல் வைப்பது. நரம்பைத் தாக்கும் விஷத்துக்கு அது பயன்படும். விரியன் வகைகளின் விஷம் கடித்த இடத்துத் திசுவையே அழிக்கக்கூடியது. அதை அங்கேயே அடக்கி வைத்தால் பாதிப்பு கூடலாம் என்ற கவலை இருக்கிறது. என்ன பாம்பு என்று தெரியாமலும், கட்டுப் போடப் பழகாமலும் இருந்தால் மட்டை மட்டும் போதும்.

தூக்கிக்கொண்டு போகும்போது அவர் கண் இமைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நரம்பு விஷம் என்றால் இமை சரிவது முதல் அறிகுறிகளில் ஒன்று. அதற்குப் பின் பேச்சும் விழுங்கலும் போய், மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, ஆஸ்பத்திரி வரும் வரை ஓட்டிவிட முடியும். அசையாமல் கிடக்கும் அவருக்கு நாம் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் நல்லதாகப் பேசுங்கள்.

சில ஆபத்துகளில் நான்கு வழிகளை ஒப்பிட நேரமே இருக்காது. அங்கே நிற்கிறவர்கள்தான் மொத்த மருத்துவம். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் உதவிக்கு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள், தேடுங்கள், தோண்டுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அரை மணிக்குள் அந்த வாய்ப்பு சரிந்துவிடுகிறது. நீரில் மூழ்கியவருக்கு இல்லாமல் போனது ஆக்சிஜன். அதனால் மூச்சு இல்லையென்றால் முதலில் ஊத வேண்டும், பிறகு நெஞ்சு அழுத்தம். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் ஐந்து முறை ஊதச் சொல்கிறார்கள். மின்னல் ஒரே நேரத்தில் பலரைத் தாக்கினால், கத்துகிறவர்களை விட்டுவிட்டு அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மின்னல் அடித்தவரின் இதயம் தானாக மீண்டும் துடிக்கத் தொடங்கிவிடலாம், மூச்சு மையம் மட்டும் எழுந்திருக்க நேரமாகும். அந்த இடைவெளியை நிரப்பினால் அவர் பிழைப்பார். அவர் உடம்பில் மின்சாரம் இருக்காது, தைரியமாகத் தொடலாம். முகட்டிலோ வெட்டவெளியிலோ இருந்தால் மட்டும் முதலில் இறங்கிவிட வேண்டும். கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மின்னலின் எல்லைக்குள்தான் இருக்கிறோம்.

தேனீயோ குளவியோ கொட்டி உடல் முழுக்க ஒவ்வாமை பரவினால், தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. இங்கே அசைவு கொல்லும் என்பதைப் பலர் அறிவதில்லை. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது திடீரென எழுந்து நின்றதாலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். காலை உயர்த்திப் படுக்கவைத்து, மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து உட்காரவைத்து, நன்றாகத் தேறிய பிறகே நகர்த்த வேண்டும். சில மணி நேரத்தில் அதே ஒவ்வாமை மறுபடி கிளம்பலாம் என்பதால் தேறியவரையும் வெளியே கொண்டுவர வேண்டும்.

தூக்குவது என்று சுலபமாக எழுதிவிட்டேன். கரடுமுரடான பாதையில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஒரே நேரத்தில் ஆறு பேர் வேண்டும். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை ஆள் மாற்ற இன்னும் ஆறு பேர், வழி பார்க்க ஒருவர். மூன்று பேர் கொண்ட குழு ஒரு பெரியவரைப் பத்துக் கிலோமீட்டர் தூக்க முடியாது. பாதி வழியில் கைவிட்டு நிற்பதுதான் மிச்சம், அதுவும் கட்டிய கூடாரத்தையும் சூட்டையும் இழந்து. அதனால் தூக்குவதா என்ற கேள்வி உண்மையில் ஆட்களை எண்ணும் கேள்வி. எண்ணிக்கை போதாவிட்டால் உயர மலை நோய், பாம்புக்கடி இரண்டையும் தவிர மற்றவற்றில் இருப்பதே பாதுகாப்பு.

உதவியை வரவழைப்பதை நான்காவது வழி என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைத் தனி வழியாக நினைக்காமல் மற்ற மூன்றோடும் கூடவே ஓடவிடுவதுதான் சரி. ஹெலிகாப்டர் மேகத்தில் வராது, பல இடங்களில் இரவில் வராது, உயரம் கூடக்கூட அதன் தூக்கும் திறன் குறையும். "வந்துடுவாங்க" என்ற நம்பிக்கையில் மூளை வீங்கியவரை மேலேயே வைத்திருந்தால், மேகம் விலகாத ஒரே ஒரு நாள் போதும். அழைத்துவிட்டு இறங்குங்கள், இறங்கும் பாதையை அவர்களுக்குச் சொல்லிவிட்டு.

போன் பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். அவசர எண் 112, வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் பல நாடுகளில் கிடைக்கும். அடிக்கடி தொலைவிடங்களுக்குப் போகிறவர்கள் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்குச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனோ செயற்கைக்கோள் மெசேஜ் கருவியோ வைத்திருப்பது நல்லது. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் மெசேஜ் கருவியைச் சொல்வேன். பீக்கன் உறுதியானது, பேட்டரி வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் சாதாரண பீக்கன் 'ஆபத்து, இங்கே' என்பதோடு முடிந்துவிடும். பாம்புக்கடியா, கால் முறிவா, எத்தனை பேர் என்று எழுத முடிந்தால் வருகிறவர்கள் அதற்கேற்ற மருந்தோடு வருவார்கள். நம் கேள்விக்கும் பதில் வரும்.

எதுவுமே இல்லாவிட்டால் விசிலும் டார்ச்சும். நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. யாராவது கேட்டால் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள்.

ஆள் அனுப்புவதானால் இரண்டு பேரை அனுப்புங்கள், நோயாளியோடு ஒருவராவது இருங்கள். நான்கு பேருக்குக் குறைந்த குழு தொலைவிடத்துக்குப் போக வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இந்தக் கணக்கால்தான். போகிறவர்கள் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பதற்றத்தில் ஓடி இறங்கியவருக்கு இடத்தின் பெயரே மறந்துவிடும். இருக்கும் இடம், முடிந்தால் ஜிபிஎஸ் எண்களோடு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. நோயாளியின் வயது, நினைவு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. என்ன மருந்து கொடுத்தீர்கள், எப்போது. எத்தனை பேர் இருக்கிறீர்கள், கூடாரமும் தண்ணீரும் எவ்வளவு. கடைசி வரியில் நீங்கள் எடுத்த முடிவை எழுதுங்கள்: "இங்கேயே இருக்கிறோம்" அல்லது "ஓடையை ஒட்டிய பாதையில் இறங்குகிறோம்". அந்த வரியை எழுதி அனுப்பிய பிறகு, இடமே ஆபத்தாக மாறினால் ஒழிய, முடிவை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், எந்தப் பக்கம் போனீர்கள் என்று இன்னொரு சீட்டு எழுதி, பளிச்சென்று தெரியும் துணியில் கட்டி, ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுப் போங்கள்.